இடது சுண்டுவிரல்

தலை வந்துவிட்டது.
வந்த தலை, ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமை மாதிரி
கன்னம் உப்பப் பின்வாங்கி நின்றது.
அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.
பயிற்சியில் ரப்பர் பொம்மையை வைத்து
இரண்டு முறை செய்திருக்கிறேன்.
ரப்பர் பொம்மை நீலமாகாது.

மன்னவனூரில் அன்று மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை.
நூற்றியெட்டு வண்டி, பூம்பாறை வளைவில்
விழுந்துகிடந்த தைலமரத்துக்கு அந்தப் பக்கம்.
டிரைவர் போனில்
மரத்தின் சுற்றளவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சகாயராணி, மணி பாரு என்றேன்.
செல்போன் வெளிச்சத்தைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு
ஒரு கையால் அவள் அடிவயிற்றை அழுத்த,
செல்லக்கிளியின் முழங்கால்களை
மார்போடு மடக்கிப் பிடித்தான் புருஷன்,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி.
ஒண்ணு ஆச்சு சிஸ்டர்.
முக்காதே என்றேன். முக்கு என்றேன்.
ரெண்டு.
பூண்டுக்காட்டில் களையெடுக்கக் குனிவாயே
அப்படித் திரும்பம்மா என்றேன். திரும்பினாள்.
அந்த வலியிலும் ஒரு பெண் சொன்னபடி திரும்புகிறாள்.
மூன்று சொல்ல வேண்டிய நேரத்தில்
சகாயராணி மாதாவே என்றாள்.

பிறகு நான் இழுத்தேன்.

இழுக்காதே என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது.
கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே
ஈரத்துணி கிழிவதுபோல் ஒன்று;
காதுக்கல்ல, என் விரல்களுக்கு மட்டும் கேட்டது.

நாலே கால் கிலோ.
மலை அதிர அழுதான் என்று எழுத ஆசை.
பூனைக்குட்டி அளவுக்குத்தான் அழுதான். போதும்.
அதற்கப்புறம் ரத்தம்.
கருப்பை கல்லாக இறுகும்வரை தேய்த்தோம்,
ஊசி போட்டோம், துணி மாற்றினோம், மறுபடி மாற்றினோம்.
விடியும்போது மரத்தை அறுத்துக்கொண்டு வண்டி வந்தது.

அவள் பிழைத்தாள்.
குழந்தைவேல் என்று பெயர் வைத்தார்கள்.

ஆண்டுதோறும் சொட்டுமருந்து நாளில் பார்ப்பேன்.
இடது கை தோளிலிருந்து தொங்கும்,
உள்ளங்கை பின்பக்கம் திரும்பி,
யாரோ முதுகுக்குப் பின்னால்
ரகசியமாய் எதையோ தரப்போவதுபோல.
செல்லக்கிளி இரண்டு கொத்துப் பூண்டு கொண்டுவருவாள்.
"நீங்க மட்டும் இல்லேன்னா" என்று தொடங்கி
ஒருநாளும் முடித்ததில்லை.
நான் சமைப்பதில்லை அந்தப் பூண்டை.
ஜன்னல் கம்பியில் தொங்கி, முளைவிட்டு, காய்ந்து
உள்ளே வெறும் தோலாகிக் கிடக்கிறது.

கைக்கு நான் இழுத்ததுதான் காரணம் என்று
ஊரே நினைத்தால்கூட ஒப்புக்கொள்வேன்.
ஊர் நினைக்காதது அட்டையில் இருக்கிறது.
ஆறாம் மாதம், சர்க்கரைப் பரிசோதனை:
குளுக்கோஸ் பாக்கெட் இருப்பு இல்லை. அடுத்த முறை.
நீல மை. என் கையெழுத்து.
அடுத்த முறை மழை.
அதற்கடுத்த முறை உருளைக்கிழங்கு வெட்டு.
அதன்பின் நானும் கேட்கவில்லை.
வயிறு பெரிசு, ஆம்பளப் புள்ளைதான் என்று சிரித்தோம்.
அந்த அட்டையை ரேஷன் கார்டோடு
ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள்.
பத்தாவது வரை படித்தவள்.

இந்த வருஷம் கடைசி. அடுத்த மாதம் ஐந்து முடிகிறது.
இரண்டு சொட்டு. முகம் சுளித்தான்.
மை வைக்க வலது கையை நீட்டினான்.
விதிப்படி இடது சுண்டுவிரல்.
செல்லக்கிளி அந்தக் கையை எடுத்து
மேசைமேல் வைத்தாள், பாத்திரத்தை வைப்பதுபோல.
தோள் போய்விட்டது, முழங்கை பாதி,
விரல்கள் தப்பிவிட்டன என்று
மதுரையில் சொன்னார்களாம்.

நகத்தில் மை தொட்டதும்
பேனாவைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிடி.
விடுடா என்றாள் அவள்.
"சிஸ்டர், இழுங்க பாப்போம்" என்றான்.

மை அவன் உள்ளங்கையில் பரவிக்கொண்டிருந்தது.
வரிசையில் அடுத்த குழந்தை
இன்னும் வாய் திறக்கச் சொல்வதற்குள்ளேயே
அழத் தொடங்கியது.